வலுப் பயிற்சிக்கான மாணவர் உணவும் உடல் எடையும்

வலுப் பயிற்சிக்கான உணவு என்பது, தசைகளின் வலுவைக் கூட்டும் பொருட்டுப் பளு அல்லது வேறு தடைக்கு எதிராகப் பயிற்சி செய்யும் ஒருவர், அப்பயிற்சியின் பயனை உடல் முழுமையாகப் பெறும் வகையில் உண்ணும் முறையைக் குறிக்கும். பளுதூக்கல், வலுதூக்கல், கர்லாக்கட்டை சுழற்றுதல், தண்டால், பஸ்கி முதலியன வலுப் பயிற்சியின் வகைகளாகும். பயிற்சி தசைக்குத் தூண்டுதலை மட்டுமே தருகிறது. தசையைக் கட்டுவதற்கான பொருளும் ஆற்றலும் உணவிலிருந்தே கிடைக்கின்றன.

பள்ளி, கல்லூரி மாணவர்களுள் பலர் இப்பயிற்சியில் ஈடுபடுகின்றனர். இவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் வளரும் பருவத்தில் இருப்பவர்கள். விடுதி உணவையும் குறைந்த கைச்செலவுப் பணத்தையும் நம்பியிருப்பவர்களும் பலர். சில வாரங்களிலேயே எடையைக் கூட்டவோ குறைக்கவோ முயல்வதும், எடை காட்டும் எண்ணை மட்டுமே இலக்காகக் கொள்வதும் இவர்களிடையே காணப்படும் பொதுவான பிழைகளாகும். எடை மாற்றம் மெதுவாக நிகழுமானால், சாதாரண வீட்டு உணவும் விடுதி உணவும் சிறு மாற்றங்களுடன் இப்பயிற்சிக்குப் போதுமானவை. விரைவாக மாற்ற முயலும்போதே உடல்நலக் கேடுகள் பெரும்பாலும் தோன்றுகின்றன.

வரலாறு

உணவு, வலு ஆகியவற்றுக்கு இடையேயான தொடர்பு பண்டைக் காலம் முதலே பேசப்பட்டு வந்துள்ளது. கி.மு. 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மல்லரான குரோட்டன் நகர மைலோ, ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி வந்ததாகவும், அது வளர வளர அவரது வலுவும் வளர்ந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. அவர் பெருமளவு இறைச்சி உண்டார் என்றும் பழைய எழுத்தாளர்கள் கூறியுள்ளனர். இவை கதைகளே எனினும், சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்ற கருத்து இன்றும் வலுப் பயிற்சியின் அடிப்படையாக உள்ளது.

19 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், தசை இயங்குவதற்கான எரிபொருள் புரதமே என்று செருமானிய வேதியியலாளர் லீபிக் கருதினார். இதனைச் சோதிப்பதற்காக அடால்ஃப் ஃபிக், யொகான்னசு விஸ்லிசேனசு ஆகிய இருவரும் 1865 இல் சுவிட்சர்லாந்திலுள்ள ஃபால்ஹோர்ன் மலையில் ஏறினர். ஏறும்போது மாவு, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றாலான புரதமற்ற உணவையே உண்டு, தமது சிறுநீரிலுள்ள நைதரசனை அளந்தனர். உடலில் சிதைந்த புரதத்தின் அளவு, மலையேறச் செலவான ஆற்றலை விளக்கப் போதாது என்பது தெரியவந்தது. தசையின் வேலைக்கான ஆற்றல் பெரும்பாலும் மாவுச்சத்து, கொழுப்பு ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது என்பதும், புரதம் முதன்மையாகக் கட்டுமானப் பொருள் என்பதும் பின்னர் உறுதியாயின.

1940களில் ஐக்கிய அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமசு டிலோர்ம், காயமடைந்த படைவீரர்களுக்குப் படிப்படியாகக் கூடும் பளுவுடன் பயிற்சி அளித்து நல்ல பலனைக் கண்டார். மருத்துவ உலகில் வலுப் பயிற்சி ஏற்கப்படுவதற்கு இது ஒரு காரணமாயிற்று. அதே காலத்தில், 1944–45 இல், அன்செல் கீசு என்பவர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அரைப்பட்டினிச் சோதனையை நடத்தினார். நலமான 36 இளைஞர்கள் 24 வாரங்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கிலோகலோரி மட்டுமே உண்டனர். அவர்கள் தம் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உடல் வலு குறைந்ததுடன் சோர்வு, எரிச்சல், கவனக் குறைவு, எந்நேரமும் உணவைப் பற்றிய சிந்தனை ஆகியனவும் தோன்றின. குறைவாக உண்பது உடலை மட்டுமன்றி மனத்தையும் பாதிக்கும் என்பதற்கு இச்சோதனை ஒரு முதன்மைச் சான்றாகும்.

தசை வளரும் முறை

பழக்கமில்லாத அளவு சுமையைத் தசை எதிர்கொள்ளும்போது, தசை நார்களில் புரத உருவாக்கம் விரைவடைகிறது. இவ்விரைவு பயிற்சிக்குப் பின் ஏறத்தாழ ஒரு நாளோ அதற்குச் சற்று மேலாகவோ நீடிக்கும். உடலில் புரதம் எப்போதும் உருவாகிக் கொண்டும் சிதைந்து கொண்டும் இருக்கிறது. உருவாகும் அளவு சிதையும் அளவை விடக் கூடுதலாக நீண்ட காலம் இருந்தால் தசை பருக்கிறது.

பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் தசைப் பருமனால் வருவதன்று. நரம்பு மண்டலம் தசை நார்களைக் கூடுதலாகவும் ஒருங்கிணைந்தும் இயக்கக் கற்றுக்கொள்வதே இதற்குக் காரணம். எனவே எடையில் மாற்றம் எதுவும் தெரியாத நிலையிலும் ஒரு தொடக்க நிலைப் பயிற்சியாளரின் வலு கணிசமாக உயரக்கூடும். எடை கூடவில்லை என்பதற்காகப் பயிற்சி பயனளிக்கவில்லை என்று கருதுவது பிழையாகும்.

பெண்களில் டெசுட்டோசுட்டெரோன் என்னும் இயக்குநீர் ஆண்களை விட மிகக் குறைவு. ஆயினும் தொடக்க நிலையுடன் ஒப்பிட்டு விழுக்காட்டில் நோக்கினால் அவர்களின் வலு வளர்ச்சி ஆண்களினதை ஒத்தே உள்ளது. பளு தூக்கினால் பெண்களின் உடல் ஆண்களினதைப் போல் பருத்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அதுபோலவே, முறையான மேற்பார்வையுடன் செய்யும் வலுப் பயிற்சி சிறுவர்களின் உயர வளர்ச்சியைத் தடுப்பதில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் வாரத்தில் குறைந்தது மூன்று நாட்களாவது தசைகளையும் எலும்புகளையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

உடல் எடையும் வலுவும்

தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடையோ அதன் கனஅளவைப் பொறுத்தது. ஓர் உடல் எல்லாத் திசைகளிலும் இருமடங்கு பெரிதானால் பரப்பு 4 மடங்காகும். கனஅளவு 8 மடங்காகும். எனவே எடை கூடும்போது தூக்கக்கூடிய மொத்தப் பளு கூடுகிறது. ஆனால் உடல் எடையுடன் ஒப்பிட்ட வலு குறைகிறது.

2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் பளுதூக்கல் போட்டிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். பெண்கள் 49 கிலோகிராம் பிரிவில் இந்தியாவின் மீராபாய் சானு மொத்தம் 202 கிலோகிராம் தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றார். இது இரண்டு தூக்கு முறைகளின் கூட்டுத்தொகை. அவரது உடல் எடையைப் போல் இது நான்கு மடங்குக்கும் மேலாகும். ஆண்களின் மிகு எடைப் பிரிவில் ஜார்ஜியாவின் லாசா தலகாட்சே 488 கிலோகிராம் தூக்கித் தங்கம் வென்றார். அவரது உடல் எடை 170 கிலோகிராமுக்கும் கூடுதல் என்பதால், அவர் தூக்கிய மொத்தப் பளு அவரது எடையைப் போல் மூன்று மடங்கை எட்டவில்லை. இதனாலேயே பளுதூக்கல், வலுதூக்கல், மற்போர் முதலிய விளையாட்டுகளில் எடைப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 ஆகிய ஆண்டுகளின் பொதுநலவாய விளையாட்டுகளில் தங்கம் வென்றது 77 கிலோகிராம் பிரிவிலாகும்.

எடை தகுந்த அளவில் உள்ளதா என்பதை அறிய உடல் நிறைச் சுட்டெண் பயன்படுகிறது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து இது பெறப்படுகிறது. 18.5 இற்குக் கீழ் இருந்தால் எடைக் குறைவு எனப்படும். தெற்காசியர்களின் உடலில் ஒரே சுட்டெண்ணுக்குக் கொழுப்பின் பங்கு ஐரோப்பியர்களை விடக் கூடுதலாக இருப்பதால், ஆசியர்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை என உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004 இல் கருத்துத் தெரிவித்தது. வளரும் வயதினருக்கு இவ்வெண்கள் நேரடியாகப் பொருந்தா. அவர்களுக்கு வயது, பால் ஆகியவற்றின்படி அமைந்த அட்டவணைகள் உள்ளன.

இச்சுட்டெண் தசையையும் கொழுப்பையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. நல்ல தசை வளர்ச்சி உள்ளவர் மிகை எடையினராகவும், மெலிந்த கை கால்களும் தொப்பையும் உள்ளவர் சரியான எடையினராகவும் கணக்கில் வரக்கூடும். ஆகவே இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து நோக்குவது வழக்கம். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு வயிற்றுப் பகுதிக் கொழுப்பு மிகுந்திருப்பதைக் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது.

எடை இலக்குகள்

வலுப் பயிற்சி செய்யும் மாணவரின் எடை இலக்கு, அவரது தொடக்க நிலையைப் பொறுத்து மூன்று வகைப்படும்.

எடையைக் கூட்டுதல்: எடைக் குறைவாக அல்லது மெலிந்து இருப்பவர்களுக்கு இது பொருந்தும். வாரத்திற்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 விழுக்காடு வரை கூடுவது தகுந்த வேகம். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது வாரத்திற்கு 150 முதல் 300 கிராம் ஆகும். தசை உருவாகும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் உண்ணும் உணவு தசையாக மாறாமல் கொழுப்பாகவே சேர்கிறது. ஒரு மாதத்தில் 5 கிலோகிராம் கூட்டியவரின் உடலில் சேர்ந்தது பெரும்பாலும் கொழுப்பும் நீருமே.

எடையைப் பேணுதல்: சரியான எடையுள்ள தொடக்க நிலையினர் எடையை மாற்றாமலேயே பல மாதங்கள் வலுவைக் கூட்டலாம். இக்காலத்தில் கொழுப்பு சிறிது குறைந்து தசை சிறிது கூடுவதும் உண்டு. தேர்வுக் காலங்களுக்கும் இது ஏற்றது. பளுவைக் குறைக்காமல் வாரம் ஒருமுறை பயிற்சி செய்தாலே பல வாரங்களுக்கு வலுவைப் பெருமளவு தக்கவைக்கலாம்.

எடையைக் குறைத்தல்: உடற்கொழுப்பு மிகுந்தவர்களுக்கு இது பொருந்தும். வாரத்திற்கு உடல் எடையில் 0.5 முதல் 1 விழுக்காடு வரை குறைவது தகுந்தது. இதனினும் விரைவாகக் குறைத்தால் கொழுப்புடன் தசையும் கரையும். புரதத்தைக் குறைக்காமலும் வலுப் பயிற்சியை நிறுத்தாமலும் இருப்பது தசை இழப்பைத் தடுக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் ஆலோசனையின்றி எடைக் குறைப்பில் ஈடுபடலாகாது. வளர்ச்சிக்கு உரிய ஆற்றலும் அவர்களுக்குத் தேவைப்படுவதே காரணம்.

ஆற்றல் தேவையைக் கணித்தல்

உடல் ஓய்வாக இருக்கும்போதும் இதயத் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்காக ஆற்றல் செலவாகிறது. இதனை எடை, உயரம், வயது ஆகியவற்றைக் கொண்டு கணிக்க மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு பயன்படுகிறது. ஆண்களுக்கு அது பின்வருமாறு அமையும்:

(10 × எடை கிலோகிராமில்) + (6.25 × உயரம் செண்டிமீட்டரில்) − (5 × வயது) + 5

பெண்களுக்கு இறுதியில் 5 கூட்டுவதற்குப் பதிலாக 161 கழிக்கப்படும். 18 வயதும் 170 செண்டிமீட்டர் உயரமும் 60 கிலோகிராம் எடையும் உள்ள மாணவர் ஒருவருக்கு இது ஏறத்தாழ 1,580 கிலோகலோரி ஆகும். மிதமாக உடலுழைப்புச் செய்பவருக்கு இதனை 1.55 ஆல் பெருக்க வேண்டும். அவ்வாறு பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,450 கிலோகலோரி வரும். மெதுவாக எடையைக் கூட்ட இதனுடன் 300 சேர்த்து 2,750 கிலோகலோரி அளவில் உண்ணலாம். எடையைக் குறைக்க விரும்புபவர் தமக்குக் கிடைத்த எண்ணிலிருந்து 300 முதல் 500 வரை குறைக்கலாம்.

இக்கணிப்பு தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே எடையும் உயரமும் கொண்ட இருவரின் தேவை சில நூறு கிலோகலோரி வேறுபடலாம். இரண்டு மூன்று வாரங்கள் எடையைக் கண்காணித்து, அது எதிர்பார்த்தபடி மாறாவிடில் உணவை 100 முதல் 200 கிலோகலோரி கூட்டியோ குறைத்தோ சரிசெய்வதே நடைமுறையில் நம்பத்தக்க வழியாகும்.

உணவுக் கூறுகள்

புரதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, பொதுவாக வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. வலுப் பயிற்சி செய்பவர்களுக்கு இது போதாது. 1.4 முதல் 2.0 கிராம் வரை தேவை என்பது விளையாட்டு உணவியலாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் பெரும்பாலோருக்கு மிகச் சிறிது. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இக்கணக்கின்படி நாளொன்றுக்கு 96 கிராம் தேவைப்படும். இதனை ஒரே வேளையில் உண்ணாமல் மூன்று நான்கு வேளைகளாகப் பகிர்ந்து, வேளைக்கு 20 முதல் 30 கிராம் வரை உண்பது நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டலாகாது.

சில பொதுவான உணவுகளில் உள்ள புரதத்தின் அளவு ஏறத்தாழப் பின்வருமாறு:

- முட்டை, 1 – 6 கிராம்
- பால், 250 மில்லிலீட்டர் – 8 கிராம்
- தயிர், 100 கிராம் – 3.5 கிராம்
- வேகவைத்த கோழி மார்பு இறைச்சி, 100 கிராம் – 30 கிராம்
- மீன், 100 கிராம் – 18 முதல் 20 கிராம்
- துவரம் பருப்பு (வேகவைக்காதது), 50 கிராம் – 11 கிராம்
- கொண்டைக்கடலை (வேகவைக்காதது), 50 கிராம் – 10 கிராம்
- நிலக்கடலை, 30 கிராம் – 8 கிராம்
- சோயா உருண்டை (உலர்ந்தது), 30 கிராம் – 15 கிராம்
- சோறு, 200 கிராம் – 5 கிராம்

அரிசி, கோதுமை ஆகியவற்றின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த வெண்பொங்கல் ஆகியன இவ்வகைச் சேர்க்கைகளே. ஆயினும் இவற்றில் தானியத்தின் பங்கே மிகுதி என்பதால், புரதத் தேவை முழுவதையும் இவற்றால் மட்டும் நிறைவு செய்தல் கடினம்.

பச்சை முட்டையைக் குடிப்பது வலுவைத் தரும் என்ற நம்பிக்கை பயிற்சியாளர்களிடையே நெடுநாளாக உள்ளது. உண்மையில் வேகவைத்த முட்டையின் புரதமே உடலில் நன்கு சேர்கிறது. பச்சை முட்டையால் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரித் தொற்று ஏற்படும் வாய்ப்பும் உண்டு. மஞ்சள் கருவை எறிந்துவிடும் வழக்கமும் வீண் இழப்பே. முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் மஞ்சள் கருவில்தான் உள்ளது.

மாவுச்சத்தும் கொழுப்பும்

கடும் பயிற்சியின்போது தசை பயன்படுத்தும் முதன்மை எரிபொருள், தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் ஆகும். இது மாவுச்சத்திலிருந்து உருவாகிறது. சோறு, சப்பாத்தி, கேழ்வரகு, கிழங்கு, வாழைப்பழம் ஆகியவை இதற்குப் போதுமானவை. சோற்றை முற்றிலும் தவிர்ப்பவர்கள் பயிற்சியின்போது விரைவில் களைப்படைகின்றனர். தட்டு முழுவதும் சோறாக இருப்பதே குறையன்றி, சோறு இருப்பது குறையன்று. மொத்த ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு கொழுப்பிலிருந்து கிடைப்பது இயக்குநீர்களின் உருவாக்கத்துக்கும் கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துகளை உடல் ஏற்பதற்கும் உதவுகிறது.

தாதுக்களும் உயிர்ச்சத்துகளும்

இரும்புச்சத்துக் குறைவு இந்திய மாணவிகளிடையே மிகப் பரவலான சிக்கலாகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். இரத்தச்சோகையுடன் செய்யும் பயிற்சி களைப்பையே தரும். கீரை, பேரீச்சை, பயறு, இறைச்சி, ஈரல் ஆகியன இரும்புச்சத்து உள்ள உணவுகள். எலுமிச்சை, நெல்லி போன்ற உயிர்ச்சத்து சி நிறைந்தவற்றுடன் உண்டால் தாவர உணவிலுள்ள இரும்பு நன்கு உறிஞ்சப்படுகிறது. உணவுடன் தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கிறது. எலும்பு வலுவுக்கான சுண்ணாம்புச்சத்து பால், தயிர், சிறு மீன்கள் ஆகியவற்றில் கிடைக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. முட்டை, பால் ஆகியவற்றையும் தவிர்க்கும் தாவர உணவினருக்கு உயிர்ச்சத்து பி12 தனியாகத் தேவைப்படும்.

விடுதி மாணவரின் உணவு

இந்தியாவின் வழக்கமான உணவில் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அளவே புரதத்திலிருந்து கிடைக்கிறது. மேற்கூறிய 60 கிலோகிராம் எடையுள்ள மாணவர் விடுதியில் நாளொன்றுக்கு 2,450 கிலோகலோரி உண்பாரானால், அதில் ஏறத்தாழ 60 கிராம் புரதம் இருக்கும். அவருக்கு மேலும் 36 கிராம் புரதமும் 300 கிலோகலோரியும் தேவை. பின்வரும் நான்கையும் சேர்த்தால் இத்தேவை நிறைவுறும்:

- வேகவைத்த முட்டை 2 – 12 கிராம் புரதம், 150 கிலோகலோரி
- பால் ஒரு குவளை (250 மில்லிலீட்டர்) – 8 கிராம், 160 கிலோகலோரி
- கொண்டைக்கடலைச் சுண்டல் (50 கிராம் கடலையில் செய்தது) – 10 கிராம், 180 கிலோகலோரி
- வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி (30 கிராம்) – 8 கிராம், 170 கிலோகலோரி

இவற்றின் கூட்டுத்தொகை 38 கிராம் புரதமும் 660 கிலோகலோரியும் ஆகும். மாலையில் உண்ணும் எண்ணெய்ப் பலகாரம், இனிப்பு ரொட்டி, குளிர்பானம் ஆகியவற்றில் ஏறத்தாழ 350 கிலோகலோரி அளவுக்கு விட்டுவிட்டால் மொத்த உயர்வு 300 என்ற அளவில் நிற்கும். முட்டை உண்ணாதவர்கள் அதற்கு ஈடாக 25 கிராம் சோயா உருண்டையைச் சேர்க்கலாம். இவற்றுள் எதற்கும் தனிச் சமையலறை தேவையில்லை. கடலையை இரவில் ஊறவைத்தால் மறுநாள் சிறு மின்அடுப்பில் வேகவைக்கலாம். நிலக்கடலையை அப்படியே எடுத்துச் செல்லலாம்.

விடுதி உணவில் பொதுவாகக் காணப்படும் குறை, சாம்பாரில் பருப்பு குறைவாக இருப்பதாகும். நீர்த்த சாம்பார் ஒரு கிண்ணத்தில் சில கிராம் புரதமே இருக்கும். ஆகவே பருப்புக்கூட்டு, சுண்டல், தயிர் ஆகியன வழங்கப்படும் நாட்களில் அவற்றைக் கூடுதலாக வாங்கிக்கொள்வது பயனுள்ளது. காலை உணவைத் தவிர்க்கும் பழக்கம் உள்ளவர்கள், நாள் முழுவதற்கும் உரிய புரதத்தை மீதியுள்ள இரு வேளைகளில் உண்ண வேண்டியிருப்பதால் பெரும்பாலும் இலக்கை எட்டுவதில்லை.

பயிற்சிக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன் வாழைப்பழம், இட்லி போன்ற எளிதில் செரிக்கும் உணவை உண்ணலாம். பயிற்சி முடிந்த உடனேயே புரதம் உண்ணாவிட்டால் பயன் வீணாகும் என்பது மிகைக் கூற்று. அடுத்த வேளை உணவு சில மணி நேரத்துக்குள் அமைந்தால் போதும். உறக்கமும் உணவைப் போலவே இன்றியமையாதது. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை.

துணை உணவுகள்

புரதத் தூள்: இது பெரும்பாலும் பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது எஞ்சும் மோர்நீரிலிருந்து பெறப்படுகிறது. 30 கிராம் தூளில் பொதுவாக 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும். இது ஏறத்தாழ நான்கு முட்டைகளுக்குச் சமம். இதனை உண்பது வசதிக்காகவே; உணவில் இல்லாத தனிச் சக்தி எதுவும் இதில் இல்லை.

கிரியேட்டின்: இறைச்சியிலும் மீனிலும் இயற்கையாக உள்ள இப்பொருள், குறுகிய நேரக் கடும் உழைப்புக்கு ஆற்றலைத் தருவதில் பங்கு கொள்கிறது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொள்வது நலமான பெரியவர்களில் வலுவைச் சிறிது கூட்டுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தசையில் நீர் சேர்வதால் தொடக்கத்தில் எடை ஒன்றிரண்டு கிலோகிராம் கூடலாம். வளரிளம் பருவத்தினருக்கு இது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

எடை கூட்டும் தூள்கள்: இவற்றுள் பல, சர்க்கரையும் மாவும் கலந்த விலையுயர்ந்த கலவைகளே. பால், வாழைப்பழம், நிலக்கடலை ஆகியவற்றை அரைத்துச் செய்யும் பானம் இதே பயனைத் தரும்.

சில துணை உணவுகளில், சிட்டையில் குறிப்பிடப்படாத ஊக்கமருந்துகள் கலந்திருந்தது கண்டறியப்பட்டுள்ளது. போட்டிகளில் கலந்துகொள்பவரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டால், அதனை அறியாமல் உட்கொண்டிருந்தாலும் அதற்கு அவரே பொறுப்பாவார்.

தீங்கு விளைவிக்கும் முறைகள்

விரைவான எடைக் குறைப்பு

எடைப் பிரிவு உள்ள விளையாட்டுகளில், போட்டிக்கு முன் நீர் அருந்தாமலும் வியர்க்கச் செய்தும் சில கிலோகிராம் எடையைக் குறைக்கும் வழக்கம் உள்ளது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஐக்கிய அமெரிக்காவில் மூன்று கல்லூரி மற்போர் வீரர்கள் இவ்வாறு எடையைக் குறைக்கும் முயற்சியின்போது இறந்தனர். காற்றுப்புகா ஆடைகளை அணிந்து வெப்பமான இடத்தில் கடும் பயிற்சி செய்தது, நீரிழப்பும் உடல் வெப்ப உயர்வும் ஏற்படக் காரணமாயிற்று. இதனைத் தொடர்ந்து அந்நாட்டின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அத்தகைய ஆடைகள், நீராவி அறைகள், சிறுநீர் பெருக்கும் மருந்துகள் ஆகியவற்றைத் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தைப் போட்டிக்கு நெருக்கமாக மாற்றியதுடன், ஒவ்வொரு வீரருக்கும் குறைந்தபட்ச எடையைப் பருவத் தொடக்கத்திலேயே வரையறுக்கும் முறையையும் கொண்டுவந்தது.

2024 ஆகத்து 7 அன்று, பாரிசு ஒலிம்பிக்கில் 50 கிலோகிராம் பிரிவு மற்போரின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த இந்தியாவின் வினேஷ் போகாட், அன்று காலை ஏறத்தாழ 100 கிராம் கூடுதல் எடையுடன் இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் கூட எடைக் குறைப்பு எத்தகைய நெருக்கடியாக அமைகிறது என்பதை இந்நிகழ்வு காட்டியது. முதன்முறையாகப் போட்டியிடும் மாணவர்கள் எடையைக் குறைக்காமல், தமது இயல்பான எடைக்கு உரிய பிரிவிலேயே பங்குபெறுவது நல்லது.

நீடித்த குறையுணவு

பயிற்சிக்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிட்டால், உடல் பிற செயல்களுக்கான ஆற்றலைக் குறைக்கிறது. பெண்களில் மாதவிடாய் நின்றுபோதல், இரு பாலாரிலும் எலும்பு மெலிதல், அடிக்கடி நோயுறுதல், மனச்சோர்வு ஆகியன இதன் விளைவுகள். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014 இல் இதனை விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என வரையறுத்தது. மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் இயல்பான அடையாளமாகக் கருதாமல் மருத்துவரை நாட வேண்டும்.

உட்சேர்க்கை இசுட்டீராய்டுகள்

டெசுட்டோசுட்டெரோனை ஒத்த இம்மருந்துகள் தசையைப் பெருக்குகின்றன. ஆனால் விந்தகச் சுருக்கம், ஆண்களில் மார்பகப் பெருக்கம், கல்லீரல் பாதிப்பு, இதய நோய், மனநிலை மாற்றங்கள் ஆகியவற்றை ஏற்படுத்தக்கூடும். வளரும் வயதில் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்வதால் உயரம் நிலையாகக் குறைந்துபோகலாம். ஊசி பகிர்வதால் தொற்றுநோய்களும் பரவுகின்றன.

தசைத் தோற்றம் பற்றிய உளச்சிக்கல்

நல்ல உடற்கட்டு இருந்தும் தாம் மெலிந்திருப்பதாகவே நம்பி, படிப்பையும் நட்பையும் விட்டுப் பயிற்சியிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் மூழ்குதல் ஓர் உளச்சிக்கலாகும். இது இளம் ஆண்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. இதற்கு உளவியல் சிகிச்சை உண்டு.

கண்காணித்தல்

ஒரே நாளில் உடல் எடை ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரை மாறுவது இயல்பு. உப்பு, நீர், செரிக்காத உணவு, கிளைக்கோசன் ஆகியன இதற்குக் காரணம். ஒரு கிராம் கிளைக்கோசனுடன் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். எனவே ஒரு நாள் எடையைக் கொண்டு முடிவு செய்யலாகாது. காலையில் மலம் கழித்தபின், உண்பதற்கு முன் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் எடையைப் பார்த்து, அவற்றின் சராசரியை முந்தைய வாரச் சராசரியுடன் ஒப்பிடுவதே சரியான முறை.

எடையுடன் பயிற்சியில் தூக்கிய பளு, எத்தனை முறை தூக்கப்பட்டது, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது வழக்கம். பளு கூடி, எடை மெதுவாகக் கூடி, இடுப்புச் சுற்றளவு பெரிதும் மாறாமல் இருந்தால் உணவு சரியான அளவில் உள்ளது எனலாம். எடை கூடியும் பளு கூடவில்லையெனில் உணவு மிகுதியாகவோ பயிற்சி குறைவாகவோ உள்ளது. எடையும் பளுவும் ஒருசேரக் குறைந்து, உறக்கமும் படிப்பில் கவனமும் கெட்டால் உண்ணும் அளவு போதவில்லை என்பதற்கான அறிகுறியாகும்.

இவற்றையும் பார்க்க

- பளுதூக்கல்
- புரதம்
- உடல் நிறைச் சுட்டெண்
- இரத்தச்சோகை
- கர்லாக்கட்டை